சர்க்கரைப் பாசிக்கு ஒரு விளக்கு

கொளத்தூர் மீன்கடைத் தெருவில் எங்களுடையது விளக்குக் கடை. அப்பா காலத்திலிருந்து மீன் தொட்டிக்கு விளக்கு, காற்று மோட்டார், கூழாங்கல், பிளாஸ்டிக் செடி விற்கிறோம். அந்தக் காலத்தில் வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் கேட்பார்கள்: "பாசி பிடிக்காத லைட்டா குடுங்க." நாங்களும் மனசாட்சியைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, "இதுல பாசியே வராது சார்" என்று விற்போம். வெளிச்சம் படும் தண்ணீரில் பாசி வராமல் இருக்குமா? மூன்றாம் மாதம் தேய்க்கிற பிரஷ் வாங்க அவரே திரும்பி வருவார்.

பிறகு சர்க்கரைப் பாசி வந்தது. தெருவே தலைகீழானது. இப்போது, "பாசி நல்லா வளர்ற லைட்டா குடுங்க" என்று வரிசையில் நிற்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் சிரித்தே புரையேறியிருப்பார்.

சர்க்கரைப் பாசி என்பது கடலில் கொத்துக் கொத்தாக, சின்னத் திராட்சை போல் வளரும் பச்சைப் பாசி. அதன் மரபணுவைத் திருத்தி, நம் உடம்பில் சுரக்க வேண்டிய இன்சுலினை அது சுரக்கும்படி செய்திருந்தார்கள். பாசியின் வழவழப்பே அந்த மருந்தை வயிற்றில் கரையாமல் காப்பாற்றிக் கொண்டுபோய்விடும். காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி, மோரில் போட்டுப் பச்சையாகச் சாப்பிட வேண்டும். சமைத்தால் வீண். பாசியும் உப்புப் பொட்டலமும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். தொட்டியை நாம் வைத்துக்கொள்ளலாம், தண்ணீரை நாம் ஊற்றிக்கொள்ளலாம். விளக்கை மட்டும் ஒரு கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். விலையைக் கேட்டால் இல்லாதவருக்கும் சர்க்கரை வந்துவிடும்.

அதனால் ஏழைகள் என்னிடம் வந்தார்கள். முதலில் வந்தவர் தெருமுனை டீ மாஸ்டர் ஏழுமலை. பவளப்பாறைத் தொட்டிக்குப் போடும் நீல விளக்கு ஒன்றை எடுத்துக்கொடுத்து, "இதுவே போதும்" என்றேன். ஏதோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி. பாசி இரண்டு மாதத்தில் வெளுத்தது. வெளுத்த பாசியில் மருந்து இல்லை. அவர் அதையே பிடி பிடியாகத் தின்றுகொண்டிருந்தார். கடைசியில் காலில் ஒரு விரலை எடுத்தார்கள். மனுஷர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தினமும் அதே சிரிப்போடு டீ கொடுத்தார், நானும் குனிந்த தலையோடு குடித்தேன். சர்க்கரைப் பாசிக்கு விளக்கு விற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்த முடிவை உடைக்கத்தான் மணிமொழி வந்தாள்.

மணிமொழி என் பள்ளித் தோழன் அறிவழகனின் மனைவி. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். பதினோரு வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை. கருகிப்போன கம்பெனி விளக்கைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"அண்ணா, இது போயிடுச்சு. புதுசு வாங்கணும்னா வேனை விக்கணும். வேனை வித்தா அப்புறம் லைட் எதுக்கு?"

"நான் இதுக்கு விக்கறதில்லம்மா. உனக்கே தெரியும்."

"தெரியும். ஏழுமலை அண்ணன் விஷயமும் தெரியும்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியில எட்டு வாரம் ஊசி போட்டுக்கச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் வேனை வேற ஆள் ஓட்டுவாரு. எட்டாவது வாரம் என் பாசியை டெஸ்ட் பண்ணுவாங்க. மருந்து சரியா இருந்தாத்தான் வேன் ஓட்ட சர்ட்டிஃபிகேட். ஊசிக்காரங்களுக்கு வேன் கிடையாது, ஏன்னா ஊசி ஒரு மாசம் வரும், ஒரு மாசம் வராது. பதினாலு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நடு ரோட்டுல நான் மயங்கி விழக் கூடாது பாருங்க. அது நியாயம்தான்."

"அப்ப நான் தப்பான லைட்டைக் குடுத்தா?"

"தெனம் நாலு தடவை விரல்ல குத்திப் பாக்கறேன். தப்புன்னா உடனே தெரிஞ்சிடும். நீங்க லைட்டே குடுக்கலன்னா, குத்தாமலே தெரியும்."

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. பதினாலு பிள்ளைகளை பெல்ட் போட வைக்கிறவளாயிற்றே.

கடையில் இருந்த விளக்குகளை எல்லாம் கீழே இறக்கினேன். செடி வளர்க்கும் ரோஸ் விளக்கைப் போட்டால் கடையே கல்யாண ரிசப்ஷன் மாதிரி ஆனது. வெளிச்சம் கண்ணுக்குத்தான், தண்ணீருக்குள் பாதிகூட இறங்கவில்லை. நீலத்தைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. டியூப்லைட் மேல்தண்ணீரோடு நின்றுவிட்டது. இந்தப் பாசி ஆழமில்லாத கடலில், நேர் வெயிலில் வளர்கிற ஜாதி. அதற்குப் பட்டப்பகல் போல வெள்ளை வெளிச்சம் வேண்டும், தொட்டியின் அடிவரைக்கும் வேண்டும். கடைசியில் ஏணிக்குப் பின்னால் கிடந்த ஒரு ஃபோகஸ் லைட்டை எடுத்தேன். முப்பது வாட். பொதுக்கூட்ட மேடையில் கட்டுவார்களே, அதேதான். தண்ணீருக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கைரேகை தெளிவாகத் தெரிந்தது. இது அப்பாவின் கணக்கு. போனில் அளந்தபோது ஆஸ்பத்திரி அட்டவணை கேட்கிற வெளிச்சத்தில் முக்கால் பங்குதான் வந்தது. விலையோ கம்பெனி விளக்கின் வயரைக்கூட வாங்க முடியாத விலை.

"முக்கால் போதுமாண்ணா?"

"தெரியலம்மா" என்றேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

அவர்கள் வீட்டு ஹாலில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன தொட்டில் கொக்கி ஒன்று கூரையில் இருந்தது. தொட்டிக்கு ஒரு முழம் மேலே வருகிற மாதிரி விளக்கை அதில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டேன். அறிவழகன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் டிப்போவில் மெக்கானிக். அவன் அப்பா கறுப்புச் சட்டைக்காரர், அவனும் அப்படியே. சாமி, சகுனம், ராகுகாலம் எதுவும் அந்த வீட்டு வாசல்படி ஏறாது. என் கடை வாசலில் 'திருஷ்டி மோலி கிடைக்கும்' என்று ஒரு போர்டு உண்டு. மோலி என்பது விரல் நீளத்தில் ஒரு சின்ன மீன். கறுப்பு மோலி ஒன்று தொட்டியில் இருந்தால் வீட்டின் மேல் விழுகிற கண்ணேறு எல்லாம் அதன் மேல் போய்விடும், வீட்டுக்கு வருகிற கெடுதலை அது வாங்கிக்கொண்டு சாகும் என்று பாதிச் சென்னை நம்புகிறது. இருபது வருஷமாக அறிவு அந்த போர்டைத் தாண்டும்போதெல்லாம் நிற்பான். "டேய் தணிகை, உன் கடையிலயே வாரம் ரெண்டு சாகுதே, அது யாரு கண்ணுடா?" என்பான். என்னிடம் அதற்குப் பதில் கிடையாது. வியாபாரம் உண்டு.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். பாசி வளரவில்லை. நுனியெல்லாம் மஞ்சள் தட்டியிருந்தது. ஏழுமலையின் கால் என் கண்முன் வந்து நின்றது.

"இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்றேன். குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. அறிவு ஒன்றும் கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வழக்கமாக வாய் மூடாதவன்.

அடுத்த வாரம் மணிமொழி போனில் படம் அனுப்பினாள். மஞ்சள் நின்றிருந்தது. அதற்கடுத்த வாரம் பச்சை. ஆறாம் வாரம் தொட்டிக்குள் கை விட இடமில்லாமல் மண்டிவிட்டது. எட்டாம் வாரம் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் செய்தார்கள். கம்பெனி விளக்கில் வளர்கிற பாசிக்கே நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்துதான் வரும். மணிமொழியின் பாசிக்கு எண்பத்தெட்டு. சர்ட்டிஃபிகேட்டை வேன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, என் கடை வாசலில் நின்று மூன்று தடவை ஹாரன் அடித்தாள். பதினாலு பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமலே எனக்குக் கை காட்டினார்கள். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் நஸ்ரின் என்னையே போனில் கூப்பிட்டார். "என்ன லைட்டுங்க அது?" என்று கேட்டுக்கொண்டு, பதினொரு பேரை என் கடைக்கு அனுப்பினார். பதினொன்றாவதாக வந்தவர் ஏழுமலை.

"மாஸ்டர், நீங்களா?"

"மணிமொழிக்கு ஒத்துக்கிச்சுன்னா எனக்கும் ஒத்துக்கும். நீ குடுத்தா சரிதான் தணிகை."

விளக்கை இரண்டு தடவை எரியவிட்டுப் பார்த்தேன். கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் பாசி மஞ்சளாகத் தொடங்கியது. நாலாம் வாரம் பதினொரு தொட்டியும் துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி வெளுத்தன. நல்ல வேளை, டாக்டர் யாருடைய ஊசியையும் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. ஆனால் போனில் அவர் குரல் கறாராக இருந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் தரேன் தணிகைவேல். ஒரு வீட்ல வளருது, பதினொரு வீட்ல வளரல. காரணம் தெரியாத ஒண்ணை நான் நோயாளிங்களுக்குத் தர முடியாது. லைட்டை நிறுத்திடுவேன். மணிமொழி சர்ட்டிஃபிகேட்டும் அதோட போகும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மணிமொழி வீட்டில் இருந்தேன். உப்பு அதே ஆஸ்பத்திரி உப்பு. தண்ணீர் எல்லோரும் ஊற்றுகிற அதே கேன் தண்ணீர். விளக்கு பத்து மணி நேரம், அதுவும் எல்லோரையும் போல. முழம் போட்டு அளந்தேன், போனில் அளந்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. மணிமொழி டீ போட உள்ளே போனாள். நான் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு பாசியையே பார்த்தேன். சாவகாசமாக, ஒரு கொத்துக்குப் பின்னாலிருந்து கறுப்பாக ஒன்று வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனது.

திரும்பினேன். அறிவழகனின் முகம் பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவன் முகம் போல் இருந்தது. எட்டாம் வகுப்பில் நான் நேரில் பார்த்த முகம்தான் அது.

"மாடிக்கு வா" என்றான்.

மொட்டை மாடியில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அவன் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சிரிக்காத."

"சிரிக்கல. மோலிதானே அது?"

"ம்."

"கறுப்பு மோலி."

"அதான் பாத்துட்டியே, அப்புறம் என்ன!" என்று சீறினான். பிறகு அடங்கினான். "நீ அன்னைக்கு வந்து, பாப்போம்னு சொன்னியே, உன் மூஞ்சியைப் பாத்தேன்டா. நீ ஏழுமலை காலையே பாக்கற மாதிரி இருந்துச்சு. ராத்திரி அவ தூங்கறப்ப மூச்சு விடறாளான்னு எழுந்து எழுந்து பாக்கறேன். நம்மால எதுவுமே செய்ய முடியாதப்ப... மனுசன் என்ன செய்வான் சொல்லு."

"எங்க வாங்கின? எதிர்க்கடை பாபு என்கிட்ட சொல்லியிருப்பானே."

"மூர் மார்க்கெட்ல."

கொளத்தூரில் இருநூறு மீன்கடை. இவன் தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று மூர் மார்க்கெட் வரைக்கும் போயிருக்கிறான்! அதுவும் உப்புத் தண்ணீருக்குப் பழக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதால், மீனை டிபன் பாக்ஸில் வைத்து டிப்போவுக்குக் கொண்டுபோய், நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் விட்டிருக்கிறான். சிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். சிரிப்பும் வரவில்லை. வேறு மீனாக இருந்தால் அந்த உப்பில் அன்றே போயிருக்கும். மோலி ஆற்றிலும் பிழைக்கும், கடலிலும் பிழைக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷமாகத் தொட்டியில் ஏன் பாசி வருகிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானே சொன்ன பதில்: "மீன் கழிவு சார், அதைத் தின்னுதான் பாசி வளருது."

"அறிவு, கேன் தண்ணியில என்னடா இருக்கு?"

"ஒண்ணும் இருக்காது. அதுக்குத்தானே வாங்கறோம்."

"அந்தப் பதினொரு பேர் பாசியும் பட்டினிடா! வெளிச்சம் போதாம வெளுக்கல. சாப்பாடு இல்லாம வெளுக்குது. உன் மீனு போடுற எருவைத் தின்னுதான் இது மட்டும் வளருது. கம்பெனிக்காரன் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி, சோறு போடாத குதிரையைச் சாட்டையால அடிச்சிருக்கான். நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும்."

அவன் முகம் வெளிறியது. "மணிகிட்ட சொல்லாத. இத்தனை வருசமா அவ தாயத்து கட்டிக்கிட்டப்ப, அவங்க அம்மா எலுமிச்சம்பழம் சுத்தினப்ப எல்லாம் நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா? ஊருக்குத் தெரிஞ்சாலும் பரவால்ல. அவளுக்குத் தெரியக் கூடாது."

"ஏழுமலை கால்ல இன்னும் ஒன்பது விரல் இருக்கு அறிவு" என்றேன்.

பின்னால் டம்ளர் சத்தம் கேட்டது. மணிமொழி மூன்று டீயோடு படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்கிற தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

"டீ ஆறிடும், எடுத்துக்குங்க" என்றாள். அறிவழகன் டம்ளரை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏங்க, மீனை விட்டீங்களே, அதுக்குத் தீனி யாரு போடறதுன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

அவன் நிமிர்ந்தான்.

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுது. பாசிக்குள்ள ஒளிஞ்சிருக்கறது தானா உசுரோட இருக்குமா? மறுநாளே பாத்துட்டேன். தெனம் நீங்க டிப்போவுக்குக் கிளம்பினதும் நாலு பருக்கை தீனி போடறேன்."

"தெரிஞ்சிருந்தும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா எடுத்துடுவீங்க. விட்டுட்டா பட்டினியில செத்துடும். செத்துப்போச்சுன்னா..." அவள் தன் டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். "செத்துப்போச்சுன்னா எனக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு நீங்க பயப்படுவீங்க. அதான்."

எனக்கு அங்கே வேலை இல்லை. வத்தலைப் புரட்டிப் போடுகிற சாக்கில் அந்தப் பக்கமாகப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நஸ்ரின் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்த மருந்தே ஒரு புரதம். புரதம் செய்ய நைட்ரஜன் வேணும். இங்க எங்க தொட்டியில ஊத்தறது காசிமேட்டுலேர்ந்து லாரியில வர்ற கடல் தண்ணி. அதுல இல்லாத சத்தா! அதனால எங்களுக்கு ஒரு நாளும் தெரியவே இல்ல. வீட்டுக்கு வெறும் உப்பைக் குடுத்து அனுப்பிட்டு, உங்க லைட் சரியில்லன்னு திட்டிக்கிட்டு இருந்திருக்கோம்." அதைச் சொல்லும்போது அவர் ஏழுமலையின் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இருவரும் அவரைத்தான் நினைத்தோம்.

ஒரு படிவத்தைத் திருப்பி வைத்தார். மீன் இனம், அளவு, விட்ட தேதி. கடைசியில் ஒரு கட்டம்: மீன் விடப்பட்டதன் காரணம்.

"பாசிக்கு உரமாகும்னு இவருதான் யோசிச்சாரு டாக்டர்" என்றாள் மணிமொழி சட்டென்று. டாக்டர் அப்படியே எழுதத் தொடங்கினார்.

அறிவழகன் கை நீட்டிப் பேனாவை வாங்கினான். எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தான். அதன் கீழே, மெக்கானிக்கின் பெரிய பெரிய எழுத்தில், 'பயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பொய்யை எழுத அவன் அப்பா பழக்கவில்லை. மணிமொழி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், பிறகு அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள், டாக்டர் முன்னாலேயே.

இப்போது ஆஸ்பத்திரியில் பாசி, உப்போடு ஒரு மோலியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். தீனி இத்தனை பருக்கை என்று கணக்கு வைத்து, மாதா மாதம் பாசியை டெஸ்ட் செய்கிறார்கள். பதினொரு தொட்டியும் பச்சையாகிவிட்டன. ஏழுமலைக்கு எண்பத்திரண்டு வந்தது. அன்றைக்கு எனக்கு இஞ்சி கூடப் போட்டு ஒரு டீ கொடுத்தார். நான் தலையை நிமிர்த்திக் குடித்தேன். என் விளக்கை யாரும் புகழவில்லை, புகழ் எல்லாம் மீனுக்குப் போய்விட்டது. இருந்துவிட்டுப் போகட்டும். வாசல் போர்டில் 'திருஷ்டி மோலி'யை அழித்துவிட்டு 'பாசி மோலி கிடைக்கும்' என்று எழுதிவைத்தேன்.

போன வாரம் அறிவழகன் வந்தான். போர்டை நின்று படித்தான். எனக்கு இருபது வருஷப் பழக்கத்தில் காது கூசியது. கிண்டலைக் காணோம்.

"ஒரு மோலி குடு. வீட்ல இருக்கறதுக்குத் துணையா."

"இதுதான் விஞ்ஞானம் ஆயிடுச்சேடா, இனிமே நெஞ்சை நிமித்திக்கிட்டே வாங்கலாம்" என்று வலையை எடுத்தேன். "ஆரஞ்சு இருக்கு, வெள்ளை இருக்கு, புள்ளி போட்டதும் இருக்கு. எல்லாம் ஒரே எருதான் போடும், டாக்டரே சொல்லிட்டாங்க. உனக்கு எந்தக் கலர்?"

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"கறுப்பே குடு" என்றான்.